சுருக்கிக் கொண்டு வாங்க

எங்கள் இணையக் குழுவில் சண்டை பிடிக்கக் காரணமே தேவையில்லை. வரியின் தொடக்கத்தில் இடம் விடுவதற்கு டேப் விசையைத் தட்டுவதா, ஸ்பேஸ் விசையைத் தட்டுவதா என்று ஒருமுறை ஆரம்பித்த விவாதத்தில் சிலர் கோபித்துக்கொண்டு வெளியேறினார்கள். பிறகு வேறு புனைபெயரில் திரும்பி வந்து அதே விவாதத்தை விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்கள். காலையில் உள்ளே நுழைந்தால் யாராவது புதுக் கீபோர்டு வாங்கி, அதில் தட்டும் சத்தத்தைப் பதிவு செய்து போட்டிருப்பார். இன்னொருவர் முதுகு வலிக்கு எந்த நாற்காலி நல்லது என்று கேட்டிருப்பார். கம்ப்யூட்டர் நிரல் எழுதுகிற செயற்கை நுண்ணறிவு வந்துவிட்டது, இனி நமக்கெல்லாம் சோறு கிடைக்குமா என்று ஒருவர் புலம்புவார். அதே ஆள் மறுநாள், அது எழுதிக் கொடுத்ததைத் திருத்தவே ஒரு வாரம் போய்விட்டது என்று ஏதோ கோப்பை ஜெயித்தவர் போல அறிவிப்பார்.

உலகத்தின் எந்தெந்த மூலையிலோ உட்கார்ந்துகொண்டு தமிழில் நிரல் பற்றிப் பேசுகிறவர்கள் நாங்கள். ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது, புனைபெயர் மட்டும்தான். செமிகோலன் சித்தப்பா என்று ஒருவர் இருக்கிறார். அரைத்தூக்கம் என்று ஒருவர், இரட்டைக் குழந்தைகளுக்கு அப்பா என்பதால் அந்தப் பெயர். நான் மிளகாய். இது நானாக வைத்துக்கொண்ட பெயர் இல்லை. நான் வைத்துக்கொண்ட அழகான பெயரால் யாரும் கூப்பிடவில்லை, அவ்வளவுதான்.

இந்தக் கூட்டத்தில் எல்லோரும் கொஞ்சம் பயப்படுகிற ஆள் கத்தரி. ஆணா பெண்ணா, வயதென்ன, எந்த ஊர், எதுவும் எவருக்கும் தெரியாது. யார் என்ன சிக்கலோடு வந்தாலும் முதலில் வந்து விழுகிற பதில் அவருடையது, அதுவும் எப்போதும் ஒரே பதில்: "சுருக்கிக் கொண்டு வாங்க." அதாவது, உங்கள் நிரல் வேலை செய்யவில்லை என்றால் அதை அப்படியே மூட்டையாகக் கொண்டுவந்து எங்கள் முன் கொட்டாதீர்கள். எந்தப் பகுதியை எடுத்துவிட்டாலும் தப்பு அப்படியே இருக்கிறதோ அந்தப் பகுதியை எடுத்துவிடுங்கள். எடுத்துக்கொண்டே போங்கள். கடைசியில் தப்பு மட்டும் தனியாக நிற்கும், அதைக் கொண்டு வாருங்கள்.

எனக்கு இதைக் கண்டாலே பற்றிக்கொண்டு வரும். வயிற்று வலி என்று போகிறவனிடம், வலிக்காத உறுப்புகளையெல்லாம் கழற்றி வைத்துவிட்டு வா என்று டாக்டர் சொன்னால் எப்படி இருக்கும்? அவ்வளவு கொம்பு முளைத்திருக்கிறதா இந்த ஆளுக்கு என்று நான் பலமுறை எழுதி, அனுப்பாமல் அழித்திருக்கிறேன். சிலமுறை அனுப்பியும் இருக்கிறேன். ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். சுருக்கிக்கொண்டு போனவரை அவர் ஒருநாளும் கைவிட்டதில்லை. சின்னக் கருவிகளுக்கு நிரல் எழுதப் புதிதாக வருகிறவர்களுக்காக அவர் ஓர் ஆரம்ப நிரல் எழுதி வைத்திருந்தார். சுத்தமான, ஒவ்வொரு வரிக்கும் விளக்கம் போட்ட நிரல். எங்களில் பாதிப் பேர் அதை அப்படியே நகலெடுத்து அதன் மேல்தான் எல்லாவற்றையும் கட்டியிருக்கிறோம்.

நானும் அப்படித்தான் அக்காவுக்கு ஒரு பெட்டி செய்தேன்.

அக்காவுக்குக் காது கேட்காது. பள்ளிக்கூட வயதில் வந்த ஒரு காய்ச்சல் அதை எடுத்துக்கொண்டு போய்விட்டது. பேசுவாள், நன்றாகவே பேசுவாள். எதிரில் நின்று பேசினால் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்வாள். நான் திட்டும்போது மட்டும் கண்ணை மூடிக்கொள்வாள். கட்டடங்களுக்கு வரைபடம் போடுகிற அலுவலகம் ஒன்றில் அவளுக்கு வேலை. அத்தானுக்குக் கப்பலில் வேலை, போனால் மாதக்கணக்கில் ஆளைப் பார்க்க முடியாது. குழந்தை பிறந்தபோது வந்து நின்றவர் அத்தானின் அம்மா. நான் அவரை அத்தை என்று கூப்பிடுவேன்.

அத்தை கெட்டவராக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவோ வசதியாக இருந்திருக்கும். அவர் நல்லவர். குழந்தை மூச்சை இழுத்து அழ ஆரம்பிப்பதற்குள் தொட்டில் பக்கத்தில் நிற்பார். சமையலறையிலிருந்து அங்கே எப்படிப் போனார் என்று நமக்கே தெரியாது. அவருடைய கவலையும் நியாயமானதுதான். அவர் தன் ஊருக்குத் திரும்பிப் போய்விட்டால், அத்தான் கடலில் இருக்கும்போது, இந்த மூன்றாவது மாடி வீட்டில் குழந்தை அழுதால் யாருக்குக் கேட்கும்? அதனால் இருவரையும் தன்னோடு கூட்டிக்கொண்டு போய்விட வேண்டும் என்று நினைத்தார். அங்கே போனால் அக்காவுக்கு வேலை போகும், வீடு போகும். அதைவிட, பெற்ற பிள்ளையைத் தனியாகப் பார்த்துக்கொள்ள இவளால் முடியாது என்பது உறுதியாகிவிடும். அக்கா என்னிடம் அதிகம் பேசவில்லை. "நான் இங்கயே இருக்கணும்" என்றாள், அவ்வளவுதான்.

பெட்டியைத் தொட்டில் கம்பியில் கட்டித் தொங்கவிட்டேன். உள்ளே ஒரு மைக், குட்டி பேட்டரி, கை அகலத்துக்கு ஒரு சர்க்யூட் போர்டு. குழந்தை அழுதால் பெட்டி அக்காவின் மணிக்கட்டில் இருக்கிற பட்டைக்குச் செய்தி அனுப்பும், பட்டை அதிரும். சாப்பாட்டு மேசையில் லேப்டாப்போடு இணைத்து வைத்துச் சோதித்தபோது ஒருமுறைகூட தவறவில்லை. பேட்டரி இருந்ததால், லேப்டாப்பிலிருந்து உருவித் தொட்டிலுக்குக் கொண்டு போய்ச் சுவரில் செருகும்வரை அணையாமல் ஓடியது. அத்தைகூட அதை ஒரு தட்டுத் தட்டிப் பார்த்து, "பரவாயில்லையே" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

பிறகு ஒரு வெள்ளிக்கிழமை மதியம் அத்தை மருந்துக் கடைக்குப் போயிருந்தார். திரும்பி வரும்போது மாடிப்படியிலேயே அழுகை கேட்டிருக்கிறது. கதவைத் திறந்து ஓடினால், குழந்தை முகமெல்லாம் சிவந்து, குரல் கம்மிப்போய், அழக்கூடத் தெம்பில்லாமல் விக்கிக்கொண்டிருக்கிறது. அக்கா சமையலறையில் முதுகைக் காட்டிக்கொண்டு பால் புட்டி கழுவிக்கொண்டிருக்கிறாள். கையில் பட்டை இருக்கிறது, அதிரவே இல்லை. அவள் திரும்பிப் பார்த்தபோது அத்தை குழந்தையோடு வாசலில் நின்றுகொண்டிருந்தாராம். அத்தை ஒரு வார்த்தை திட்டவில்லை. "திங்கக்கிழமை உங்க ரெண்டு பேரையும் கூட்டிட்டுப் போறேன்" என்று மட்டும் சொல்லியிருக்கிறார்.

நான் வேலை செய்வது ஒரு சின்ன அலுவலகம். கண் மருத்துவமனைகளுக்கு முன்பதிவு மென்பொருள் எழுதுகிறோம். அன்று அங்கே இருந்தபோது அக்காவிடமிருந்து செய்தி வந்தது. "உன் பெட்டி கைவிட்டுடுச்சு." நான் என்ன சொல்லிவிட்டுக் கிளம்பினேன் என்று நினைவில்லை. மேலாளர் ஏதோ கேட்டார், பதில் சொல்லாமல் படி இறங்கிவிட்டேன்.

போனதும் பெட்டியைக் கழற்றி லேப்டாப்பில் செருகினேன். அழுகைப் பதிவு ஒன்றை ஓடவிட்டேன். பட்டை அதிர்ந்தது. மறுபடி ஓடவிட்டேன், அதிர்ந்தது. எத்தனை முறை செய்தாலும் அதிர்ந்தது.

"நல்லாத்தான் வேலை செய்யுது அத்தை."

"நீயும் உன் கம்ப்யூட்டரும் பக்கத்துல இருந்தா வேலை செய்யுது" என்றார் அத்தை. "உங்க ரெண்டு பேரையும் இங்கயே கட்டிப் போட முடியுமா?"

எனக்குச் சுருக்கென்றது. யாராவது பெட்டியைத் தொட்டீர்களா என்று கேட்டேன். "தொடாம? குழந்தை என் மடியில இருக்கறப்ப அது எதுக்கு வெட்டியா எரியணும்? அணைச்சுடுவேன். தொட்டில்ல போட்டதும் மறுபடி போட்டுடுவேன்" என்றார். பெட்டியின் பக்கவாட்டில் பேட்டரிக்கும் சேர்த்து ஒரே சுவிட்ச்தான் இருந்தது.

அவ்வளவுதான், நான் பிடித்துக்கொண்டேன்.

"இன்னிக்குத் திரும்பப் போட மறந்திருப்பீங்க."

"போட்டேம்மா. பச்சை விளக்கு எரிஞ்சதைப் பாத்துட்டுத்தான் கடைக்குப் போனேன்."

"அப்புறம் எப்படி வேலை செய்யாம இருக்கும்? இது மெஷின். சொன்னதைச் செய்யும்."

"அப்ப நான் பொய் சொல்றேன்னு சொல்றியா?"

அக்கா இரண்டு பேர் உதடுகளையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். நடுவில் கையை நீட்டி என் வாயைப் பொத்தினாள். "அவங்க போட்டேன்னா போட்டிருப்பாங்க. மறந்திருந்தா மறந்துட்டேன்னு சொல்லுவாங்க. என்னைக் கூட்டிட்டுப் போறதுக்காகப் பொய் சொல்ற ஆள் இல்ல" என்றாள். அவளுக்காகச் சண்டை போடப் போய் அவளிடமே வாங்கிக் கட்டிக்கொண்டேன். அத்தை உள்ளே போய்க் குழந்தையின் துணிகளைச் சூட்கேஸில் அடுக்க ஆரம்பித்தார்.

அன்று மாலையே எல்லாவற்றையும் குழுவில் கொட்டினேன். நிரல் முழுவதும், பெட்டியின் படம், அத்தை சொன்னது, நான் சொன்னது, திங்கட்கிழமை என்ன நடக்கப் போகிறது என்பது, எல்லாம். படிக்கிறவர்களுக்கு மூச்சு முட்டியிருக்கும்.

இந்தக் கூட்டத்தை நான் எவ்வளவோ கிண்டல் செய்திருக்கிறேன். அன்று அவர்கள் செய்ததைப் பார்த்தபின் வாயைத் திறக்க எனக்கு யோக்கியதை இல்லை. டேப்பா ஸ்பேஸா என்று வெட்டிக்கொண்டவர்கள் ஒரே உரையாடல் இழையில் தோளோடு தோள் நின்றார்கள். பேட்டரி பலவீனமாக இருக்கலாம் என்றார் ஒருவர். மைக்ரோவேவ் அடுப்பு பக்கத்தில் இருக்கிறதா என்றார் இன்னொருவர். செமிகோலன் சித்தப்பா அதே போர்டைக் கடையில் தேடி வாங்கி வந்து தன் மேசையில் அதே பெட்டியைக் கட்ட ஆரம்பித்துவிட்டார். "அழுகைக்குக் கவலைப்படாதீங்க. எங்க வீட்டுல எப்பவும் சரக்கு கைவசம் இருக்கு" என்று அரைத்தூக்கம் தன் இரட்டையர்களின் அழுகையை விதவிதமாகப் பதிவு செய்து அனுப்பினார். பசி அழுகை, தூக்க அழுகை, காரணமே இல்லாத அழுகை என்று தனித்தனியாகப் பெயர் போட்டிருந்தார்.

அப்புறம் கத்தரி வந்தார். "சுருக்கிக் கொண்டு வாங்க."

எனக்கு ரத்தம் கொதித்தது. "இது என் அக்காவோட வாழ்க்கை. இதைச் சுருக்க முடியாது" என்று எழுதி அனுப்பிவிட்டேன்.

கொஞ்ச நேரம் கழித்து அவரிடமிருந்து பதில் வந்தது. அவர் அவ்வளவு நீளமாக எழுதி நான் பார்த்ததில்லை. "அக்கா வாழ்க்கையைச் சுருக்கச் சொல்லல. ப்ரோகிராமைச் சுருக்குங்க. நீங்க எழுதினதுலயே உருப்படியான தகவல் அந்த அம்மா சொன்னதுதான். தப்பு என்னன்னு தெரியறவரைக்கும் யாரும் பொய் சொல்லலன்னு வெச்சுக்குங்க. அவங்க செஞ்ச மாதிரியே செய்ங்க. லேப்டாப்பைக் கழட்டுங்க, சுவிட்சை அணைங்க, திரும்பப் போடுங்க. ஒவ்வொரு தடவையும் அப்படித்தான் சோதிக்கணும். நான் இங்கயே இருக்கேன்."

சனிக்கிழமை காலை அக்கா வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தேன். பால்கனியில் துணி காய்ந்துகொண்டிருந்தது, கீழே தெருவில் யாரோ காரை நிறுத்த இடம் கிடைக்காமல் முன்னும் பின்னும் போய்க்கொண்டிருந்தார்கள். முதலில் ஒரு மாற்றம் செய்தேன். போர்டில் ஓரமாக ஒரு நீல விளக்கு உண்டு. நிரல் தயாரானதும் அது எரிய வேண்டும் என்று எழுதினேன். பச்சை விளக்கு மின்சாரம் வந்தாலே எரியும், அதை நம்பிப் பிரயோஜனமில்லை. பிறகு லேப்டாப்பைக் கழற்றினேன். சுவரில் செருகினேன். அத்தை செய்ததுபோலச் சுவிட்சை அணைத்துப் போட்டேன்.

பச்சை எரிந்தது. நீலம் எரியவில்லை.

மறுபடி அணைத்துப் போட்டேன், எரியவில்லை. அத்தை எதிரில் உட்கார்ந்து குழந்தையின் சட்டைகளை மடித்துக்கொண்டிருந்தார். "எனக்கு எதுவும் புரியல. ஆனா உன் மூஞ்சி ஒரு மாதிரி ஆயிடுச்சு" என்றார். நீங்கள் சொன்னது நிஜம், சுவிட்சைப் போட்டும் இது வேலை செய்யவில்லை, நான் உங்களை அப்படிப் பேசியிருக்கக் கூடாது என்று சொன்னேன். அது வாயிலிருந்து வருவதற்குப் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். அத்தை ஒரு சட்டையை மடித்து முடித்தார். "அதை விடு. சரி பண்ண முடியுமா முடியாதா?" என்றார்.

வெட்ட ஆரம்பித்தேன். பட்டைக்குச் செய்தி அனுப்புகிற பகுதியை முழுதாக எடுத்தேன். கழற்று, செருகு, அணை, போடு. நீலம் எரியவில்லை. "இன்னும் சாகுது" என்று குழுவில் எழுதினேன். உடனே கைதட்டுகிற படங்களாக வந்து விழுந்தன. ஒரு பொருள் இன்னும் கெட்டுத்தான் இருக்கிறது என்றதும் சந்தோஷப்படுகிற கூட்டம் உலகத்தில் எங்களைத் தவிர வேறு இருக்காது. மைக் பகுதியை எடுத்தேன். அழுகையா, வேறு சத்தமா என்று பிரித்தறிவதற்காக நான் வாரக்கணக்கில் செதுக்கிச் செதுக்கி எழுதிய பகுதி அது. பல்லைக் கடித்துக்கொண்டு அழித்தேன். இன்னும் செத்தது. வயர்லெஸ் பகுதியை எடுத்தேன். அதற்குள் செமிகோலன் சித்தப்பாவின் பெட்டியும் தயாராகி, நான் வெட்டுவதையெல்லாம் அவரும் வெட்டிக்கொண்டே வந்தார். "எனக்கும் சாகுது மிளகாய்" என்று அவர் எழுதியதைப் பார்த்தபோது எனக்குக் கண் கலங்கியது. அதுவரை நான் தனியாகக் கிடந்து அல்லாடுகிறேன் என்றே நினைத்திருந்தேன்.

கடைசியில் இரண்டே காரியம் மிஞ்சியது. லேப்டாப் பேசத் தயாராகும்வரை காத்திரு. பிறகு நீல விளக்கைப் போடு.

அது ஓடவில்லை. நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். வெட்ட இனி ஒன்றுமில்லை. மற்றவர்களும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இத்தனை பேர் கண்ணெதிரே தப்பு உடுத்த துணிகூட இல்லாமல் நின்றது, எங்களுக்குத் தெரியவில்லை. அந்த முதல் வரி எங்களில் பாதிப் பேருடைய நிரலில் இருக்கிறது. தினமும் நடக்கிற வாசற்படியை யாரும் குனிந்து பார்ப்பதில்லை அல்லவா?

கத்தரிதான் எழுதினார். "முதல் வரி. லேப்டாப் இல்லன்னா அது காலம் பூரா காத்துக்கிட்டே இருக்கும். அந்த வரி என் ஆரம்ப ப்ரோகிராம்ல இருக்கறது. நான் எழுதினது. தப்பு என்னோடது."

அந்த வரி ஏன் இருக்கிறதென்றால், புதிதாகக் கற்றுக்கொள்கிறவர் லேப்டாப் திரையில் கருவி சொல்வதைப் பார்த்துக்கொண்டிருப்பார். திரை தயாராவதற்குள் கருவி பேசிவிட்டால் முதல் சில வார்த்தைகள் விட்டுப்போகும். அதனால் கொஞ்சம் பொறு என்று அதனிடம் சொல்லி வைப்பது. மேசைமேல் அது நல்ல யோசனை. தொட்டில் கம்பியில், லேப்டாப்பே இல்லாத இடத்தில், அத்தை சுவிட்சை அணைத்துப் போட்ட ஒவ்வொரு முறையும் பெட்டி விழித்துக்கொண்டு, பச்சை விளக்கை ஏற்றிக்கொண்டு, வராத லேப்டாப்புக்காக உட்கார்ந்திருக்கிறது. குழந்தை அழுதது அதன் மைக்கில் விழுந்திருக்கும். அதைக் கவனிக்கிற வேலையை அது இன்னும் ஆரம்பிக்கவே இல்லை.

அந்த வரியை அழித்தேன். அணைத்துப் போட்டேன், நீலம் எரிந்தது. வெட்டியதையெல்லாம் திரும்பச் சேர்த்தேன், அப்போதும் எரிந்தது. அத்தை சட்டைகளை ஒதுக்கி வைத்துவிட்டு வந்து, தானே அணைத்தார், தானே போட்டார். மறுபடி மறுபடி செய்துகொண்டே இருந்தார். சுவிட்ச் தேய்ந்துவிடும் என்று சொல்ல வாயெடுத்து, அடக்கிக்கொண்டேன்.

கத்தரி அதன்பின் செய்ததை நான் சொல்லியே ஆக வேண்டும். அவர் நினைத்திருந்தால் அந்த வரியை ஓசைப்படாமல் நீக்கியிருக்கலாம். ஒரு நிமிஷ வேலை, யார் என்ன கேட்டிருப்பார்கள்? அவர் ஆரம்ப நிரலின் தலையிலேயே, இந்த வரி தவறு, இது என்னால் வந்தது, ஒரு வீட்டில் குழந்தை அழுதது கேட்காமல் போயிற்று என்று எழுதினார். பழைய வரியை அழிக்காமல், பக்கத்தில் விளக்கத்தோடு நிறுத்தி வைத்தார். பிறகு அதை நகலெடுத்தவர்கள் யார் யார் என்று பழைய இழைகளில் தேடித் தேடி, ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக எழுத ஆரம்பித்தார். கோழிக்குஞ்சுகளுக்கு வெப்பம் குறைந்தால் மணி அடிக்கிற கருவி வைத்திருந்த ஒருவருக்கு எழுதினார். ஒரு பள்ளிக்கூடத் தண்ணீர்த் தொட்டியில் கருவி பொருத்திவிட்டு வேறு நாட்டுக்கே போய்விட்ட ஒருவரைக் கண்டுபிடித்து எழுதினார். சித்தப்பாவும் மற்றவர்களும் பாதியைப் பிரித்து எடுத்துக்கொண்டார்கள். இந்தத் தொழிலில் எத்தனையோ கெட்டிக்காரர்களைப் பார்த்திருக்கிறேன். தன் தப்பைத் தானே துரத்திக்கொண்டு வாசல் வாசலாகப் போன ஆளை அன்றுதான் பார்த்தேன். அவர் மேல் எனக்கிருந்த எரிச்சல் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. அவர் எதிரில் வந்தால் எழுந்து நிற்பேன்.

ஆனால் அத்தைக்கு இதெல்லாம் போதவில்லை. "விளக்கு எரியறது எனக்கு எதுக்கு? அவன் அழணும், அவளுக்குத் தெரியணும்" என்றார். நிபந்தனைகளையும் அவரே சொன்னார். பதிவு செய்த அழுகை கூடாது. லேப்டாப் வீட்டிலேயே இருக்கக் கூடாது. நானும் இருக்கக் கூடாது. எங்கள் குழுவில் சோதனைகளுக்கென்றே சம்பளம் வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். அத்தையின் நிபந்தனைகளை அங்கே எழுதினேன். "அந்த அம்மாவை எங்க கம்பெனிக்கு அனுப்ப முடியுமா?" என்று ஒருவர் கேட்டார்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் குழந்தை பால் குடித்துவிட்டுத் தூங்கியது. அத்தை பெட்டியை அணைத்துப் போட்டுவிட்டுத் தொட்டிலுக்கு எதிரில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். அக்கா பால்கனிக்குப் போய்த் துணி எடுக்க ஆரம்பித்தாள். நான் லேப்டாப் பையை மடியில் வைத்துக்கொண்டு மாடிப்படியில் உட்கார்ந்தேன். கதவைக் கொஞ்சம் திறந்து வைக்க அத்தை அனுமதி கொடுத்திருந்தார்.

அந்த வாண்டு தூங்கியது. நாளெல்லாம் வீட்டை இரண்டாக்குகிற பயல், ஏதோ பந்தயம் கட்டியவன் போலத் தூங்கினான். கைப்பேசியில் குழு துடித்துக்கொண்டிருந்தது. "அழுதானா?" "இன்னும் இல்ல." "இப்ப?" "இல்ல." முகம் தெரியாத அத்தனை பேர், என்னென்னவோ ஊர்களில், தங்கள் வேலையை விட்டுவிட்டு ஒரு குழந்தை எப்போது அழும் என்று காத்துக்கொண்டிருந்தார்கள். ஒரு கொசுவை அனுப்பி வைக்கட்டுமா என்று அரைத்தூக்கம் கேட்டார். கத்தரி மட்டும் எதுவும் எழுதவில்லை. ஆனால் அவர் பெயருக்குப் பக்கத்தில், ஆள் உள்ளே இருப்பதைக் காட்டுகிற புள்ளி எரிந்துகொண்டே இருந்தது.

அழுகை வந்தபோது முதலில் ஒரு முனகல்தான். பிறகு முழுக் குரல்.

அத்தை நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். கை தானாகத் தொட்டிலை நோக்கிப் போயிற்று. கதவிடுக்கு வழியாக எனக்கு அவர் முதுகும் பால்கனிக் கதவும் தெரிந்தன. போனவர் பாதியில் நின்றார். இரண்டு கைகளையும் கட்டிக்கொண்டார். குழந்தை அழுதது. அவருக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று எனக்கு அப்போது புரிந்தது. நானே எழுந்து உள்ளே ஓடாமல் படிக்கட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

பால்கனிக் கதவு திறந்தது. அக்கா தோளில் துணிகளோடு, வாயில் ஒரு துணிக் கிளிப்பைக் கவ்வியபடி வந்தாள். மணிக்கட்டில் பட்டை அதிர்ந்துகொண்டிருந்தது. துணிகளைத் தரையில் போட்டுவிட்டுக் குழந்தையைத் தூக்கினாள். அவன் அவள் கழுத்தில் முகத்தைத் தேய்த்துக்கொண்டு இன்னும் கொஞ்சம் அழுதான், பிறகு நிறுத்திவிட்டான். நான் கைப்பேசியில் "வந்துட்டா" என்று ஒரே ஒரு வார்த்தை தட்டினேன். அதற்கு என்ன பதில்கள் வந்தன என்று அப்போது பார்க்கவில்லை. உள்ளே போனேன்.

அத்தை கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். "நாளைக்கு நான் மட்டும் கிளம்பறேன்" என்றார், என்னைப் பார்த்து இல்லை, அக்காவைப் பார்த்து, அவளுக்குப் புரியும்படி நிறுத்தி நிதானமாக. "துணியெல்லாம் சூட்கேஸ்ல இருக்கு. எடுத்து அலமாரியில வெச்சுட்டுப் போறேன்." பிறகு வழக்கப்படி இரண்டு கைகளையும் நீட்டினார். "குடு, நீ துணியை மடி, நான் கொஞ்ச நேரம் வெச்சுக்கறேன்."

அக்கா குழந்தையைக் கொடுக்கவில்லை. வாயிலிருந்த கிளிப்பை எடுத்துவிட்டுச் சிரித்தாள்.

"இவன் பொறந்ததுலேர்ந்து எப்ப அழுதாலும் நான் வர்றதுக்குள்ள யாராவது தூக்கிடுவீங்க அத்தை. காது கேக்கறவங்க எல்லாரும் எனக்கு முன்னாடி போயிடுவீங்க. இவன் அழுது, நான் முதல்ல போனது இன்னிக்குத்தான்."

அத்தை நீட்டிய கைகளை மெதுவாக இழுத்துக்கொண்டார். பிறகு குனிந்து, தரையில் கிடந்த துணிகளை ஒவ்வொன்றாக எடுக்க ஆரம்பித்தார்.